அறிவியல் துறையில் பெண்கள்: பணி வளர்ச்சியும் குடும்பச் சமநிலையும் (கருத்து விளக்கக் கட்டுரைக்கான துணைக்குறிப்பு)



"பணிபுரியும் பெண்கள் எதிர்நோக்கும் சவால்கள்" என்ற மாதிரி ஒரு தலைப்பைப் படிவம் 5 வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். கட்டுரை எப்படிப் போகும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். முதல் பத்தியில் பாரதியார் வருவார். இரண்டாம் பத்தியில் மேரி கியூரியும் கல்பனா சாவ்லாவும் வருவார்கள். மூன்றாம் பத்தியில் 'இரட்டைச் சுமை'. கடைசியில், நேரத்தைத் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் வெற்றி நிச்சயம் என்று ஒரு வரி, அதற்குப் பின்னால் ஒரு குறள். பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் புள்ளி போடும்போது கை தயங்கும். ஏன்னா, உள்ளே சரக்கு இல்லை.

இது தேர்வுப் பிரச்சினை மட்டும் இல்லை. படிவம் 3 முடிந்ததும் பாடத் தேர்வுப் பாரத்தோடு வரும் மாணவிகளில் சிலர் இப்படிக் கேட்பார்கள்: "டீச்சர், சையன்ஸ் எடுத்தா ரொம்ப வருஷம் படிக்கணுமாமே? அப்புறம் வேலை எப்போ, கல்யாணம் எப்போன்னு அம்மா கேக்குறாங்க." பதினைந்து வயசுப் பிள்ளையின் கேள்வி அது. "உன்னால் முடியும்மா" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவது எளிது. ஆனால் அந்த அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்குத் தகவலோடு பதில் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்பு அதற்குத்தான்.

குளுவாங்கிலிருந்து தொடங்குவோம்

உதாரணத்துக்கு நாசாவரை போகத் தேவையில்லை. ஜொகூரில் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் செம்பனைதான். அந்தச் செம்பனைக்குள் ஒரு பெரிய அறிவியல் கதை இருக்கிறது.

ஒரு காலத்தில் நம் நாட்டுச் செம்பனைப் பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கையைக் கையால்தான் செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, ஆண்பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, முகப்பூச்சு மாவு போன்ற தூளோடு கலந்து, பெண்பூக்களின் மேல் தூவிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார்கள். 1981 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டினத்தைக் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்த வேலையை வண்டுகள் எடுத்துக்கொண்டன. நம் பாட்டிமாரில் சிலர் உயிரியல் பாடநூலைத் திறக்காமலேயே தாவர இனப்பெருக்கத்தைக் கையால் செய்தவர்கள் என்பதை வகுப்பில் சொல்லுங்கள். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதே குளுவாங்கில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. 1973-இல் நைஜீரியாவில் சேகரித்த செம்பனை விதைகளிலிருந்து வளர்ந்த மரங்களை அங்கே பாதுகாத்து வந்தார்கள். அந்த நைஜீரியத் தொகுப்பைச் சேர்ந்த ஒரு மரத்தின் சந்ததிதான் பின்னாளில் ஒரு பெரிய கண்டுபிடிப்புக்குக் கைகொடுத்தது.

உயிரியல் மாணவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். ஓடு தடித்த பழம் தரும் மரம் டூரா. ஓடே இல்லாதது பிசிபெரா. அது பெரும்பாலும் காய்ப்பதில்லை. இரண்டையும் கலந்தால் மெல்லிய ஓடுள்ள தெனேரா கிடைக்கும். டூராவைவிட அது 30 விழுக்காடு வரை கூடுதல் எண்ணெய் தரும். தோட்டங்களில் நாம் பார்ப்பது தெனேராதான். ஓட்டின் தடிப்பை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது என்பதை 1941-இல் பெல்ஜியக் காங்கோவில் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எந்த மரபணு, அது எங்கே இருக்கிறது என்பது தெரிய இன்னும் 72 ஆண்டுகள் ஆயின.

2013 ஜூலையில் 'நேச்சர்' ஆய்விதழில் செம்பனை பற்றி இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று செம்பனையின் முழு மரபணுத் தொகுதியைப் பற்றியது; ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள் கொண்ட தொகுதி அது. மற்றொன்று ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் அந்த மரபணுவைப் பற்றியது. அந்த ஆய்வை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில் முன்னின்று நடத்தியவர் டாக்டர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. பெயர் நமக்கு அந்நியமானது இல்லை, பாருங்கள். வாரியத்தின் உயிரித் தொழில்நுட்ப, இனப்பெருக்க ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தவர். மலேசிய அறிவியல் கழகத்தின் உறுப்பாய்வாளர். 2015-இல் அதே குழு இன்னொரு நேச்சர் கட்டுரையை வெளியிட்டது. திசு வளர்ப்புச் செம்பனைகளில் பழம் உருக்குலைந்து போவது ஏன் என்ற பல ஆண்டுப் புதிருக்கு அதில் விடை இருந்தது. அதன் முதல் ஆசிரியரும் ஒரு பெண்தான்: மெய்லினா ஓங் அப்துல்லா.

பயன் என்ன? முன்பு நட்ட கன்று டூராவா தெனேராவா என்று தெரிய, மரம் காய்க்கும் வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது நாற்றங்காலில் ஒரு துண்டு இலையைச் சோதித்தாலே போதும். குறைந்த நிலத்தில் கூடுதல் விளைச்சல், காட்டை அழிக்கும் தேவையும் குறைகிறது. சுற்றுச்சூழல் தலைப்புக் கட்டுரைக்கும் இந்த உதாரணம் கைகொடுக்கும்.

படிப்பில் பாதி, பணியில்?

உலக அளவில் ஆய்வாளர்களில் மூன்றில் ஒருவர்தான் பெண் என்பது யுனெஸ்கோ தரும் கணக்கு. மலேசியாவில் நிலைமை அதைவிட நன்றாக இருக்கிறது: ஆய்வாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். பல்கலைக்கழகங்களில் மாணவிகளின் எண்ணிக்கை மாணவர்களைத் தாண்டிப் பல காலம் ஆகிவிட்டது. ஆகவே "பெண்களுக்குக் கல்வி வாய்ப்பு மறுக்கப்படுகிறது" என்று இந்த நாட்டைப் பற்றி எழுதினால் அது பழைய செய்தி.

சிக்கல் அதற்குப் பின்னால் வருகிறது. வேலை செய்யும் வயதுடைய ஆண்களில் 100-க்கு ஏறத்தாழ 83 பேர் தொழிலாளர் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் 56 பேர். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும். உலக வங்கி 2012-இல் மலேசியாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. பெண்களின் பங்கேற்பை வயதுவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தால், இருபதுகளின் பிற்பகுதியில் உச்சிக்குப் போய், அதற்குப் பிறகு இறங்கிக்கொண்டே வருகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் பிள்ளைகள் வளர்ந்த பின் அந்தக் கோடு மறுபடி மேலே ஏறும். இங்கே ஏறவில்லை. அதாவது வெளியே போனவர்கள் திரும்பி வருவது அரிது.

மாணவர்களே, கட்டுரையில் இந்த ஒரு கோட்டைச் சொற்களால் வரைந்து காட்டுங்கள். 'இரட்டைச் சுமை' என்று பத்துத் தடவை எழுதுவதைவிட அது வலுவான சான்று.

அறிவியலில் மட்டும் ஏன் கூடுதல் சிக்கல்?

எந்த வேலையிலும் பெண்ணுக்குச் சிரமம் உண்டு. அறிவியலில் அது வேறு மாதிரி அமைகிறது. இளங்கலை முடிக்கும்போது வயது 23 ஆகிவிடும். முதுகலைக்கு ஒன்றிரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்குப் பிறகு ஒப்பந்த அடிப்படையில் சில ஆண்டு ஆய்வு வேலை, முதல் ஆய்வு மானியம், முதல் நிரந்தரப் பதவி. எல்லாம் 25-க்கும் 37-க்கும் இடையில் வந்து குவிகிறது. திருமணமும் பிள்ளைப்பேறும் அதே ஆண்டுகளில்தான். இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தில் மணி அடிக்கின்றன.

அடுத்து, ஆய்வுக்கூடம் அலுவலகம் மாதிரி இல்லை. உயிரணு வளர்ப்புக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. நேரத்துக்கு ஊட்டப்பொருளை மாற்றாவிட்டால் மூன்று மாத உழைப்பு வீண். களப்பணிக்குப் போனால் வீடு திரும்ப நாளாகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தாஸ்காவிலிருந்து அழைப்பு வந்தால், சோதனையைப் பாதியில் விட்டுவிட்டு ஓட வேண்டும். மூன்றாவது காரணம், துறையின் வேகம். இரண்டு ஆண்டு இடைவெளி விட்டால் கருவி மாறியிருக்கும், முறை மாறியிருக்கும். ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் ஒரு வெள்ளை இடம் தெரியும். மானியக் குழு முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் வேறு கோணத்தில் விளக்கினார். ஒரே படிப்பு, ஒரே வேலை என்றிருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வருமான இடைவெளி முதல் பிள்ளைக்குப் பிறகுதான் பெரிதாகிறது. காரணம், 'எப்போ கூப்பிட்டாலும் வருவேன்' என்று சொல்பவருக்கே பல துறைகள் அதிகச் சம்பளமும் பதவி உயர்வும் தருகின்றன. வீட்டில் ஒருவர் அப்படிப் போக வேண்டுமென்றால், இன்னொருவர் 'பிள்ளைக்கு எப்போ தேவைப்பட்டாலும் இருப்பேன்' என்று நிற்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மேரி கியூரியின் வீட்டில் இருந்த தாத்தா

எல்லாரும் எழுதும் மேரி கியூரிக்கு வருவோம். அவரைக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை; முழுதாக எழுதச் சொல்கிறேன். மூத்த மகள் ஐரீன் 1897 செப்டம்பரில் பிறந்தார். பொலோனியம், ரேடியம் இரண்டையும் 1898-இல் அறிவித்தார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் இதை எப்படிச் செய்தார்? பேத்தி பிறந்த சில நாட்களில் மனைவியை இழந்த மாமனார் இயூஜின் கியூரி, மகன் வீட்டுக்கே வந்து தங்கிவிட்டார். அவர் ஒரு மருத்துவர். 1910-இல் இறக்கும்வரை பேத்திகளைக் கவனித்துக்கொண்டவர் அவர்தான். 1906-இல் பியர் கியூரி விபத்தில் இறந்த பிறகும் அந்த வீடு நின்றது அவரால்தான். மேரியின் இரண்டாவது நோபல் பரிசு 1911-இல் வந்தது.

மேரி கியூரியின் 'விடாமுயற்சி'யை எல்லாக் கட்டுரையிலும் படித்திருக்கிறோம். தாத்தாவை ஒரு கட்டுரையிலும் பார்த்ததில்லை!

இந்தியாவின் முந்தைய தலைமுறை வேறு வழியில் போனது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில் பணியாற்றியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் தரவில்லை. அவர் அதோடு நிற்கவில்லை. 1948 முதல் இந்திய வானிலைத் துறையில் வேலை செய்து, வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்து, துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றார். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவர்களின் சொந்த முடிவு, மதிக்க வேண்டியது. ஆனால் 'அறிவியலா குடும்பமா, ஒன்றைத் தேர்ந்தெடு' என்பதற்குச் சான்றாக அவர்களை வகுப்பில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-இல் சூரியனை ஆராயப் புறப்பட்டது. சந்திரயான்-2-இன் திட்ட இயக்குநர் சென்னையைச் சேர்ந்த முத்தையா வனிதா. இந்தத் தலைமுறையின் பெயர்களும் நம் மாணவர் கட்டுரையில் வரட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். "அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதுவார்கள். எடுத்த நடவடிக்கை எதுவென்று தெரிந்தால்தானே, எது போதவில்லை என்று எழுத முடியும்?

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்புக்கு வந்தன. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது 14 வாரம். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுத்த குறைந்தபட்ச அளவும் அதுதான். மணமான ஆண் ஊழியருக்கு முதல் முறையாக 7 நாள் தந்தைமை விடுப்பு கிடைத்தது. ஒரே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும், ஐந்து பேறுகள் வரை பெறலாம். வாரத்தின் உச்ச வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது. கர்ப்பிணி என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவது குற்றம்.

அதிகம் பேருக்குத் தெரியாதது நெகிழ்வுப் பணிமுறை. வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தரும்படி ஓர் ஊழியர் எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கவனியுங்கள், இது கேட்கும் உரிமைதான், கிடைக்கும் உறுதி இல்லை. இருந்தாலும், "வாயால கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க" என்பதோடு நிற்பதற்கும் கையில் ஒரு கடிதம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. (ஆசிரியர்கள் உட்பட அரசாங்க ஊழியர்களுக்குப் பொதுச் சேவை விதிமுறைகள் தனி. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஜொகூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. விடியுமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் ஆய்வுக்கூடங்களிலும் மருந்துத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பெண்களுக்கு அங்குள்ள சட்டம்தான் பொருந்தும். அங்கே 16 வாரச் சம்பள விடுப்பு என்று நாம் கேள்விப்படுவது, பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றிருந்தால் மட்டுமே. மலேசியப் பிள்ளையைப் பெறும் தாய்க்கு 12 வாரம். அதில் சம்பளம் கட்டாயம் என்பது முதல் 8 வாரத்துக்கு, அதுவும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. சம்பளம் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு என்று கணக்குப் போடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும். பாலத்தில் போகும் மணி நேரங்களைத் தனியாகச் சொல்லவா வேண்டும்?

விவாதக் கட்டுரை எழுதுபவர்களுக்கு எதிர்த்தரப்பு வாதம் ஒன்றும் வேண்டும். 98 நாள் சம்பளத்தையும் மலேசியாவில் முதலாளியே சுமக்கிறார். சிறு நிறுவனம் ஒன்று, "எதுக்கு வம்பு, ஆம்பளையையே எடுத்துக்கலாம்" என்று நினைக்க இது இடம் தருகிறது. பல நாடுகளில் சமூகக் காப்புறுதி நிதியிலிருந்து அந்தச் சம்பளம் போகிறது. தாய்க்கு 98, தந்தைக்கு 7 என்ற இடைவெளியும் அதே நினைப்பை வளர்க்கிறது. என்னைக் கேட்டால், தாயின் விடுப்பை இன்னும் நீட்டுவதைவிட இந்த இரண்டையும் சரிசெய்வதுதான் முதலில் செய்ய வேண்டியது. மாற்றுக் கருத்துடையோர் வகுப்பில் வாதிடட்டும்.

வெளியே போனவர் திரும்பி வர

பணி இடைவெளி விட்ட பெண்களுக்காகத் தேலன்ட்கோர்ப் நிறுவனம் 2015 முதல் பணிக்குத் திரும்பும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. குறைந்தது இரண்டு ஆண்டு வேலையில் இல்லாமல் திரும்பும் பெண்ணுக்கு 12 மாதச் சம்பளத்துக்கு வருமான வரி விலக்கு என்பது 2018 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. பெண் ஆய்வாளர்களுக்கான லோரியால்–யுனெஸ்கோ ஆய்வு நிதி மலேசியாவில் 2006 முதல் வழங்கப்படுகிறது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறிவியல் என்றால் மருத்துவர் மட்டும் இல்லை. மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராய்பவரின் நேரமும், மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ஷிப்ட் பார்ப்பவரின் நேரமும், உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவரின் நேரமும் ஒன்றல்ல. செம்பனை மரபணு ஆய்விலேயே பாதி வேலை மரத்தடியில், பாதி வேலை கணினித் திரையில். கூடுதல் கணிதத்தைப் பயந்து விடாதீர்கள். அந்த ஒரு பாடம் பல கதவுகளைத் திறந்து வைக்கும்.

கட்டுரை மொழி பற்றிச் சில சொற்கள்

"கணவர் மனைவிக்கு உதவ வேண்டும்" என்ற வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வேலை மனைவியுடையது, கணவர் கைகொடுக்கிறார் என்ற பொருள் அதில் ஒளிந்திருக்கிறது. "வீட்டுப் பொறுப்பை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்" என்று எழுதினால் வாதமே மாறிவிடும். 'பணி இடைவெளி', 'நெகிழ்வுப் பணிமுறை', 'பராமரிப்புப் பணி', 'தந்தைமை விடுப்பு' ஆகிய சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒரு பத்தி:

"அறிவியல் துறையில் பெண்களின் பணி வளர்ச்சி தடைப்படுவதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. முனைவர் பட்டம், ஆய்வு மானியம், நிரந்தரப் பதவி ஆகியவற்றுக்கான ஆண்டுகளும் பிள்ளைப்பேற்றுக்கான ஆண்டுகளும் ஒன்றின்மீது ஒன்று விழுகின்றன. மலேசியாவில் ஆய்வாளர்களில் ஏறத்தாழ பாதியினர் பெண்களாக இருந்தும், பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 56 விழுக்காட்டளவிலேயே நிற்பது இதனை உணர்த்துகிறது. எனவே, நேர நிர்வாகத்தைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தாமல், தந்தைமை விடுப்பு, பணியிடத் தாஸ்கா, நெகிழ்வுப் பணிமுறை ஆகியவற்றை விரிவுபடுத்துவதே தக்க தீர்வாகும்."

கருத்து, காரணம், சான்று, தீர்வு என்ற வரிசை இதில் இருப்பதைப் பாருங்கள். மனனம் செய்து அப்படியே எழுத வேண்டாம். பத்துப் பேர் ஒரே பத்தியை எழுதினால் திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

வகுப்பு நடவடிக்கை: ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு முதல் இரவு பத்து வரை, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒவ்வொரு மாணவரும் மணிவாரியாகக் குறித்து வரட்டும். சமையல், துணி, தம்பி தங்கையைக் குளிப்பாட்டுவது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது எல்லாம் வர வேண்டும். ஆண் மாணவர்கள் தங்கள் வரிசையையும் மறக்காமல் நிரப்பட்டும். திங்கட்கிழமை எல்லாவற்றையும் கரும்பலகையில் கூட்டிப் போட்டுவிட்டு, அதன் கீழே கட்டுரைத் தலைப்பை எழுதுங்கள்.